மேஸ்திரி பதில்கள்: ஒரு மழை பார்த்துவிட்டுக் கல் போடுங்கள்

மேஸ்திரி ஐயா, நான் நீலகிரியில் கட்டபெட்டில் பிறந்து வளர்ந்தவள். ஏழு வருடம் முன்னால் கணவர் வேலைக்காகக் கனடா வந்தோம். இப்போது டொரண்டோ பக்கம் புதிதாக எழும் குடியிருப்பில் வீடு புக் செய்திருக்கிறோம். நாலு அடி ஆழத்தில் அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. உள்வேலைக்கு என்னென்ன வேண்டும் என்று நாற்பது பக்கப் பட்டியல் அனுப்பிக் கேட்கிறார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஊரில் அப்பா கட்டிய வீடுதான் கண்ணில் நிற்கிறது. நீங்களும் வேறு நாட்டிலிருந்து வந்தவர் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். புது நாட்டில் கட்டிய வீடு எப்போது நம் வீடு ஆகும்?
— ஒரு வாசகி, கனடா

தங்கச்சி, நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. பட்டியல் விஷயம் சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

நாற்பது பக்கத்தில் முப்பத்தெட்டைக் கணவரிடமே விட்டுவிடுங்கள். டைல்ஸ் நிறமும் குழாயும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். சுவருக்குள்ளே போய் மூடப்போகிற சாமானுக்கு மட்டும் சண்டை போடுங்கள். அதில் முதலாவது, அடுப்புக்கு மேலே வருகிற புகைபோக்கி. இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, புகையை உறிஞ்சிக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ளும். இன்னொன்று, வலையில் வடிகட்டிவிட்டு அதே காற்றை உங்கள் முகத்திலேயே திரும்ப விடும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். முட்டை பொரித்துச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டாவது போதும். கடுகு தாளித்து, கருவாடு வறுக்கிற வீட்டுக்குப் போதாது. குளிர் நாட்டில் பாதி வருடம் சன்னல் திறக்க மாட்டீர்கள். வாசனை மெத்தை வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசனையாவது பரவாயில்லை, சோறு கொதிக்கிற ஆவி குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராக வழியும். நாலு மாதத்தில் சன்னல் ஓரம் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் வெளியே தள்ளுகிற குழாய்தான் வேண்டும் என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். குழாய் அதிக வளைவு இல்லாமல் போகிறதா என்றும் கேளுங்கள். சுவர் மூடின பிறகு கேட்டால் உடைக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, சாமி மாடம். புகை அலாரம் எங்கே வருகிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு மாடத்துக்கு இடம் சொல்லுங்கள். என் மச்சான் மகன் வெளிநாட்டில் புது வீடு போய் முதல் கார்த்திகைக்கு அலாரத்துக்கு நேர் கீழே சாம்பிராணி போட்டான். வீடு அலறின அலறலில் சாம்பிராணித் தட்டோடு பனியில் வந்து நின்றானாம். கிரைண்டர் பற்றியும் ஒரு வார்த்தை: ஊரிலிருந்து கொண்டுபோவது 230 வோல்ட், அங்கே சமையல்கட்டில் வருவது 120. அதற்கென்றே செய்த கிரைண்டர் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். நாலு அடி அஸ்திவாரம் உங்களுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். அங்கே குளிரில் மண்ணே உறைந்து வீங்கிக் கட்டடத்தைத் தூக்கும், அதனால் உறைகிற ஆழத்துக்குக் கீழே போய்க் கடைக்கால் போடுகிறார்கள். நம் ஊட்டி உறைபனி புல் நுனியோடு சரி.

இனி அடுத்த கேள்வி.

நான் பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். முதுகோடு முதுகு ஒட்டின இரட்டை லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு, அதாவது வராந்தா. பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் இருந்ததால் பின்னால் சன்னலே கிடையாது. அடுப்புப் புகையும் நாங்களும் ஒரே வாசலில்தான் போய் வந்தோம்.

தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம், 1973-ல் எங்கள் முறை வந்தது. எனக்குப் பதினொரு வயது. ஹட்டனில் நாங்கள் ஏறின ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்றே பேர். வண்டிக்குள்ளே இருக்கிறவர்களும் பிளாட்பாரத்தில் நிற்கிறவர்களும் சேர்ந்து ஒப்பாரி வைப்பார்கள். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம். அப்பா தகரப் பெட்டியில் துணிக்கு நடுவே ஒரு கவ்வாத்துக் கத்தியைச் சுற்றி வைத்திருந்தார். தாத்தா பிறந்த நாடு என்று சொல்லிக் கூட்டி வந்தார்கள். இங்கே எங்களைத் தெரிந்த ஒரு ஆள் இல்லை.

கோத்தகிரிக்கு வந்து பதினொரு வருடம் வாடகைக் குடிசை, தோட்டத்துக் குடியிருப்பு என்று மாறிக்கொண்டே இருந்தோம். 1984-ல் அரவேணு பக்கம் ஒரு கவுடரிடம் அப்பா நாலு சென்ட் வாங்கினார். மறுநாளே குச்சி எடுத்துத் தரையில் வீடு வரைந்தார். நான் அப்போது ஒரு மேஸ்திரியிடம் கையாளாக இருந்தேன், எனக்கும் வரைபடம் புரியும் என்ற மிதப்பு வேறு. அவர் வரைந்து முடித்ததும் எட்டிப் பார்த்தால், அது லயம். அதே பத்துக்குப் பன்னிரண்டு, அதே இஸ்தோப்பு, அடுப்பு அதே மூலையில். பின்சுவரில் சன்னல் இல்லை. பின்னால் யார் குடியிருக்கப் போகிறார்கள்? வெறும் தேயிலைதான்! அம்மா ஒன்றும் பேசவில்லை. காலால் பின்சுவரை அழித்துவிட்டு, அடுப்பு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார். "இங்கன உக்காந்து சோறாக்கயில எனக்கு மலை தெரியணும்" என்றார்.

அப்பா மசியவில்லை. இந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதுதான் நிலம் விற்ற கவுடர் அந்தப் பக்கம் வந்தார். வயசானவர், தலையில் வெள்ளை முண்டாசு. வரைந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "ஒரு மழை பாருங்க, அப்புறம் கல்லு போடுங்க" என்றார். அப்பாவுக்கு வந்ததே கோபம். பதினொரு வருடம் காத்திருந்தவனை இன்னும் ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னால் வராதா?

ஆனால் விஷயம் இதுதான். ஹட்டன் பக்கம் பெரிய மழை தென்மேற்கிலிருந்து வரும், ஆனி ஆடியில். அதனால் அப்பா வாசலை வடகிழக்கே பார்த்து வைத்திருந்தார். அவருக்கு அது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை, கை தானாகவே அப்படி வரைந்துவிட்டது. கோத்தகிரி மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிற ஊர். இங்கே வீட்டைப் பிடுங்குகிற மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்துதான் வரும். அப்பா வரைந்த வீடு அந்த நாட்டு மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இந்த நாட்டு மழைக்கு வாயைத் திறந்து வைத்திருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு அப்பாவும் நானும் போனோம். கவுடர் எங்களுக்கு முன்னாலேயே கம்பளியோடு அங்கே நின்றிருந்தார், கக்கத்தில் ஒரு கட்டுத் தேயிலைக் குச்சி. மேலே இருந்து தண்ணீர் இறங்கி ஓடின ஒவ்வொரு தடத்திலும் ஒரு குச்சியை நட்டுக்கொண்டே வந்தார். மொத்தம் பதினாறு. அப்பா அடுப்பு வரைந்த மூலையில் மட்டும் மூன்று குச்சி. அப்பா அந்த மூன்றையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "சரிங்க கவுடரே" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

தை பிறந்து கடைக்கால் எடுத்தோம். குச்சி நட்ட தடங்களைத் தொடாமல், நடுவில் கிடைத்த மேட்டில். வாசல் மேற்கே திரும்பியது. அம்மாவின் சன்னல் தெற்குச் சுவரில் வந்தது, இரண்டடிக்கு மூன்றடி. நான் தனியாக நிலை வைத்த முதல் சன்னல் அது. தூக்குக்குண்டு பிடிக்கத் தெரியாமல் பிடித்து, இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், சாய்ந்துவிட்டது. இன்றைக்கும் சாய்ந்துதான் இருக்கிறது. பின்னால் நான் நாலு பேரை வைத்து வேலை வாங்குகிற மேஸ்திரி ஆன பிறகு, பெயர்த்துச் சரியாக வைத்துத் தருகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டேன். அம்மா விடவில்லை.

2009 நவம்பர் மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் மண்சரிவில் போனார்கள். அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டுக்கு மேலே இருந்து சேறும் கல்லுமாக வந்த தண்ணீர், கவுடர் குச்சி நட்ட தடத்திலேயே இரண்டாகப் பிரிந்து போனது. அவர் அப்போது இல்லை.

எப்போது எங்கள் வீடு ஆயிற்று என்று கேட்டீர்கள். பால் காய்ச்சின அன்று இல்லை. இலங்கையில் தங்கிவிட்ட சித்தி எழுதுகிற கடிதமெல்லாம் பஜாரில் ஒரு மளிகைக்கடை முகவரிக்குத்தான் வரும், மே/பா என்று போட்டுக் கடைக்காரர் பேரோடு. சாமான் வாங்கப் போகிறபோது அரிசி மூட்டைக்கு மேலே இருந்து எடுத்துக் கொடுப்பார். 1985 ஆடியில் முதன்முதலாக மே/பா இல்லாமல், தபால்காரர் ஏறி வந்து எங்கள் வாசலில் ஒரு கடிதம் கொடுத்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார், கடிதத்தை இல்லை, உறையை. மேலே எழுதியிருந்த முகவரியை. படித்தேன். இன்னொரு தடவை படி என்றார்.

அதனால், தங்கச்சி, கட்டபெட்டு வீட்டை அங்கே வரையாதீர்கள். அந்த வீடு கட்டபெட்டு மழைக்குக் கட்டினது. பின்பக்கத் திண்ணை, வேலி, நிலவறை உள்வேலை எல்லாம் முதல் வருடமே செய்துவிட வேண்டும் என்று கணவர் சொல்வார். ஒரு குளிர்காலம் முழுக்கக் குடியிருங்கள். மார்ச், ஏப்ரலில் பனி உருகும்போது ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் சுவரை விட்டு விலகிப் போகிறதா, சுவரிடம் வருகிறதா என்று பார்த்துக் குச்சி நடுங்கள். புது மண் அமுங்கும்போது சுவரோரம் பள்ளம் விழுவது எல்லா நாட்டிலும் உண்டு. மற்றபடி, அடுப்பில் நின்றால் எது தெரிய வேண்டும் என்று மட்டும் யோசித்துச் சொல்லுங்கள். சன்னல் இடம் மாற்ற இன்னும் நேரம் இருக்கிறதா என்று நாளைக்கே கேளுங்கள்.

குன்னூரில் பிறந்து, இப்போது பிரிட்டிஷ் குடிமகன். இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருகிற ஓசிஐ அட்டை இருக்கிறது. ஓய்வுக்காலத்துக்கு இரண்டு ஏக்கர் தேயிலையோடு சின்ன வீடு வாங்க ஆசை. வாங்கலாமா?
— ஒரு வாசகர், லண்டன்

வீடு வாங்கலாம், வீட்டு மனை வாங்கலாம். தேயிலை வாங்க முடியாது. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் வெளிநாட்டில் இருக்கிற இந்தியரும் ஓசிஐ அட்டைக்காரரும் விலைக்கு வாங்கக் கூடாது என்பது அந்நியச் செலாவணிச் சட்டம். தானமாகவும் வாங்க முடியாது. அப்பா வழியில் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். "மச்சான் பேரில் எழுதிவிடலாம் சார்" என்று தரகர் சொல்வார். எழுதிவிட்டால் அது மச்சான் தோட்டம்.

கல்லூரியில் சிலர் என்னை "அகதி" என்று கூப்பிடுகிறார்கள். என் தாத்தா 1970-களில் இலங்கையிலிருந்து வந்தவர். என்ன பதில் சொல்வது?
— ஒரு மாணவர், குன்னூர்

தம்பி, என்னையும் பள்ளிக்கூடத்தில் "சிலோன்காரன்" என்றார்கள். அங்கே இருக்கும்போது "இந்தியாக்காரன்". கப்பல் ஏறி இறங்கினதும் பேரைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

கணக்கைத் தெரிந்துகொள். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தில் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் வந்தவர்தான் உன் தாத்தா. இந்தியக் குடிமகனாக, இந்தியக் கடவுச்சீட்டோடு வந்து இறங்கினார். அரசுத் தாளில் அதற்குப் பேர் தாயகம் திரும்பியோர். வீட்டில் தகரப் பெட்டி இருந்தால் திறந்து பார், புகைப்படம் ஒட்டின குடும்ப அட்டை அடியில் கிடக்கும். அகதிகள் என்று பதிவானவர்கள் 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள். அவர்கள் கதை வேறு, அதுவும் வசவு இல்லை.

தாத்தா டேன்டீயில், அதாவது அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில், வேலை செய்தாரா? நம்மைப் போல வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் வனத்துறை தேயிலை நட ஆரம்பித்தது, அதுதான் பின்னால் டேன்டீ ஆயிற்று. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி என்று காட்டை வெட்டி நட்டவர்கள் நம் ஆட்கள்தான். தாத்தா இருந்தால் அவரையே கேள். இதை அவர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

ஷார்ஜாவில் பன்னிரண்டு வருடச் சம்பாத்தியம். கூடலூர் பக்கம் ஐந்து சென்ட் மலிவாக வருகிறது. "பிரிவு 17 நிலம், பயமில்லை" என்கிறார் தரகர்.
— ஒரு வாசகர், ஷார்ஜா

பயப்படுங்கள். 1969-ல் வந்த கூடலூர் ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் சிக்கின நிலம் அது. பழைய ஜென்மி, அதாவது பரம்பரை நிலவுடைமையாளர், குத்தகைக்கு விட்ட தோட்ட நிலங்கள். உங்களுக்குப் பட்டா வராது. அந்த நிலத்தில் வருடக்கணக்காகக் குடியிருந்தும் கரண்ட் கனெக்ஷன் கிடைக்காமல் மண்ணெண்ணெய் விளக்கில் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். மலிவாக வருவதற்குக் காரணம் அதுதான். பட்டா, சிட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று மூன்றும் கையில் வராமல் ஒரு திர்ஹம் அனுப்பாதீர்கள்.

எங்கள் மனை சரிவில் இருக்கிறது. பின்னால் இருபது அடி நேர்க்குத்தாக வெட்டிவிட்டால் வீட்டுக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும் என்கிறார் என்ஜினியர். மகன் ஜெர்மனியிலிருந்து பணம் அனுப்புகிறான், அவசரப்படுத்துகிறான்.
— ஒரு வாசகி, கோத்தகிரி

அம்மா, இருபது அடி வெட்டாதீர்கள். வீட்டை இரண்டு படியாக இறக்கிக் கட்டலாம், மேல் படியில் அறை, கீழ்ப் படியில் கூடம். நம் மாவட்டத்தில் ஜேசிபி இறக்கவே கலெக்டர் அனுமதி வேண்டும், ராத்திரியில் வந்து வெட்டிவிட்டுப் போகிறேன் என்கிறவனை வாசலில் ஏற்றாதீர்கள்.

கொஞ்சம் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தடுப்புச்சுவர் கட்டுங்கள். அந்தச் சுவரில் துளை விடுங்கள். மூன்று அங்குலக் குழாய், நாலைந்து அடிக்கு ஒன்று, வெளிப்பக்கம் சாய்வாக, உள்ளே குழாய் வாயில் உடைகல் அடைத்து. பல பேர் அழகு கெடும் என்று துளையைப் பூசி மூடிவிடுகிறார்கள். நானும் ஒரு வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு ஒருமுறை மூடினேன். இரண்டாவது மழையில் சுவர் கர்ப்பிணி மாதிரி வயிறு தள்ளி நின்றது. ராத்திரியோடு ராத்திரியாகக் கடப்பாரை வைத்து ஓட்டை போட்டேன். தண்ணீர் பீய்ச்சி அடித்து என்னைத் தள்ளிவிட்டது. மண்ணைவிட மண்ணுக்குள்ளே நிற்கிற தண்ணீர்தான் சுவரை அதிகமாகத் தள்ளும். செப்டிக் டேங்க் உறிஞ்சு குழியையும் அந்தச் சுவருக்கு மேலே வைக்காதீர்கள்.

மகனிடம் என் பேரைச் சொல்லி, ஐப்பசி வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

எல்லாருக்கும் ஓதம் ஏறாமல் கட்டச் சொல்லிக் கொடுக்கிறீர்களே, உங்கள் வீட்டில் ஓதம் உண்டா?
— ஒரு வாசகர், பழனி

உண்டு. வடக்குச் சுவர், தரையிலிருந்து இரண்டடி. என் வீட்டுக்காரி அந்த இடத்தில் கொஞ்சம் தாழ்த்தியே காலண்டர் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் தேதி பார்க்கக் குனிகிறார்கள்.